கொடுத்ததா, எடுத்ததா?



"காப்பி பண்ணினா யாருக்கு என்ன நஷ்டம்?" நம் வயதில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. சைக்கிளைத் திருடினால் சொந்தக்காரனுக்குச் சைக்கிள் இல்லை. மென்பொருளை நகல் எடுத்தால் அவனிடம் இருந்தது அவனிடமே இருக்கிறது. அப்புறம் எப்படி அது திருட்டு? இந்தக் கேள்விக்கு "சட்டப்படி தப்பு" என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து நல்லவராக இருப்பது ஒரு பெரிய விஷயமில்லை. நம் சமயம் கேட்பது அதற்கும் மேலே ஒரு படி. அதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கிராஞ்சியில். எம்ஆர்டியில் இறங்கி, சுங்கை காடுட் பக்கம் போகும் பேருந்தைப் பிடித்தால், மரக்கடைகளும் அறைகலன் பட்டறைகளும் லாரிகளும் நிறைந்த வட்டாரம். அரசகேசரி சிவன் கோயிலும் அங்கேதான். எங்களுடையது சின்ன நிறுவனம். கணக்கு, சம்பளப் பட்டியல், விலைப்புள்ளி, சரக்கு இருப்பு எல்லாம் ஒன்பது கணினியில் ஓடுகிறது. கணக்கு என் வேலை. கணினி கெட்டுப்போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் என் வேலை!

ஒன்பதிலும் இருந்தது ஆபிஸ் 2016. முறையாக, ரசீதோடு வாங்கியது. அதற்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. ஆபிஸ் 2019-க்கும் அதே நாள்தான். விண்டோஸ் 10-க்கும் அன்றைக்கே. மறுநாள் காலை மென்பொருள் நின்றுவிடாது. வேர்ட் திறக்கும், எக்செல் கூட்டும். ஆனால் புதிதாக ஓட்டை ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கப் பாதுகாப்புத் திருத்தம் வராது. நாற்பது ஊழியரின் அடையாள எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிற கணினியை அப்படியே விட்டு வைக்க முடியுமா? மாற்றியாக வேண்டும். காசு? அங்கேதான் பேச்சு தொடங்கியது.

முதலாளி சொன்னார்: "தம்பி, ஆன்லைன்ல ஒரு கீ இருபது வெள்ளிக்குக் கிடைக்குதாம். ஒன்பது வாங்கிப் போட்டுடு. நூத்தி எண்பது வெள்ளியோட வேலை முடிஞ்சது."

ஸ்டோர் பார்க்கும் அண்ணன் சொன்னார்: "எதுக்கு சார் நூத்தி எண்பது? ஊர்ல என் மச்சான் பென் டிரைவ்ல வச்சிருக்கான். கிராக் பண்ணினது. சும்மாவே போட்டுக்கலாம்."

பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த தங்கச்சி சொன்னாள்: "அண்ணா, எனக்கு ஸ்கூல் அக்கவுன்ட்ல ஃப்ரீயா வருது. அதுல லாகின் பண்ணிக்கோங்களேன்."

மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரில் யாரும் கடையில் ஒரு சாக்லேட்டைக்கூட எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். முதலாளி தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர். அப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்தே இது இவ்வளவு சாதாரணமாக வருகிறதே, ஏன் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

உரிமம் என்றால் என்ன?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மென்பொருளுக்குக் காசு கொடுக்கும்போது நாம் வாங்குவது பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. அதுதான் உரிமம். வீட்டை வாங்குவதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. எத்தனை கணினி, எந்த மாதிரி வேலை, வேறொருவருக்கு மாற்றலாமா என்பதெல்லாம் அந்த அனுமதியில் எழுதியிருக்கும். புதுக் கணினியோடு சேர்ந்து வரும் உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினியோடேயே கட்டுண்டது. கணினி போனால் அதுவும் போச்சு. கடையில் தனியாக வாங்குவதைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது இன்னொரு வகை. மாணவருக்கு ஒரு வகை, வீட்டுக்கு ஒரு வகை, வியாபாரத்துக்கு ஒரு வகை.

ஒரு காலத்தில் 'மேம்பாட்டுப் பதிப்பு' என்று ஒன்று இருந்தது. பழைய ஆபிஸ் வைத்திருப்பவர் முழு விலை கொடுக்க வேண்டாம், குறைந்த விலையில் புதியதுக்கு மாறிக்கொள்ளலாம். ஆபிஸ் 2010 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. 2011-ல் ஆபிஸ் 365 வந்தது. அதன் பிறகு மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா. கட்டுகிற வரைக்கும் புதுப் பதிப்பு உண்டு. கட்டாவிட்டால் திறந்து படிக்கலாம், திருத்த முடியாது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற ஆபிஸ் 2024-ம் இருக்கிறது. ஆனால் நேர்மையாக முந்தைய பதிப்பை வாங்கியவருக்கும் புதிதாக வருபவருக்கும் ஒரே விலைதான்.

முதலாளிக்கு வந்த கோபம் இதில்தான். "போன தடவை முழுக் காசு கொடுத்தேன். இந்தத் தடவையும் முழுக் காசா? அப்போ நேர்மையா இருந்ததுக்கு என்ன மரியாதை?" நியாயமான கோபம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நஷ்டமா, அனுமதியா?

பதஞ்சலி யோக சூத்திரத்தில் இயமம் ஐந்து. அகிம்சை, சத்தியம், மூன்றாவதாக அஸ்தேயம், அதாவது கள்ளாமை. திருமூலரும் இயமத்தில் களவின்மையைச் சேர்க்கிறார். திருக்குறளில் 29-ஆம் அதிகாரமே கள்ளாமை. வள்ளுவர் அதைத் துறவறவியலில் வைத்திருக்கிறார். 'துறவிக்குத்தானே, நமக்கில்லை' என்று தப்பித்துக்கொள்ள அதில் இடமில்லை. எல்லாவற்றையும் விட்டவரிடமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், எதையும் விடாத நம்மிடம் எத்தனை தடவை சொல்ல வேண்டும்!

யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் உள்ள உரை, அஸ்தேயம் என்பதை எடுக்காமலிருப்பதோடு நிறுத்தவில்லை. பிறர் பொருள்மேல் ஆசையே இல்லாமலிருப்பது வரை கொண்டுபோகிறது. சமணமும் பௌத்தமும் இதே ஒழுக்கத்துக்கு வைத்த பெயர் இன்னும் நேரடியானது. 'கொடுக்கப்படாததை எடுத்தல்' கூடாது என்பதுதான் அவர்கள் வாசகம்.

இந்த வார்த்தையை ஒரு நிமிடம் பாருங்கள். 'சொந்தக்காரனுக்கு நஷ்டம் வராமல் எடுத்தால் பரவாயில்லை' என்று அதில் இல்லை. அவன் என்ன இழந்தான் என்பதைவிட, அவன் கொடுத்தானா என்பதுதான் அங்கே கேள்வி. நம் பாரதத்தில் பிறந்த மூன்று மரபுகளும் திருட்டை அளக்க எடுத்த கோல் இதுதான். இந்தக் கோலை வைத்து அளந்தால், கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் சொன்னது நம் கேள்விக்கு அப்படியே பொருந்துகிறது. நகல் எடுப்பதில் எதிராளிக்குப் பொருள் குறையவில்லை, சரி. ஆனால் அவன் கொடுக்கவில்லை. நாம் எடுத்தோம்.

பெரியபுராணத்தில் அமர்நீதி நாயனார் கதை எல்லாருக்கும் தெரியும். பழையாறை வணிகர். சிவபெருமான் பிரம்மசாரியாக வந்து ஒரு கோவணத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்து கேட்கும்போது அதைக் காணோம். 'வேறு கோவணம் தருகிறேன், பட்டு தருகிறேன், பொன் தருகிறேன்' என்கிறார் நாயனார். தராசின் ஒரு தட்டில் இன்னொரு கோவணம். மறு தட்டில் வீட்டில் உள்ள செல்வம் எல்லாம் ஏறியும் தட்டு இறங்கவில்லை. கடைசியில் அவரும் மனைவியும் மகனும் ஏறி நிற்கிறார்கள், அப்போதுதான் சமமாகிறது.

இதை நாம் பக்திக் கதையாக மட்டும் கேட்டிருக்கிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் கேட்கிறது. ஒரு முழத் துணிக்கு என்ன விலை? ஒன்றுமில்லை. ஆனால் அது இன்னொருவருடையது என்று ஆனதும், 'இதுக்கு என்ன பெரிய விலை' என்று சொல்லும் உரிமை கையில் வைத்திருப்பவருக்கு இல்லை. நகல் எடுக்க ஆகும் செலவு சுழியம் என்பதால் மென்பொருளின் மதிப்பும் சுழியம் ஆகிவிடாது.

நம் சமூகத்துக்கு இது தெரியாததல்ல. 'திருட்டு விசிடி' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்ததே நாம்தானே! படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்கக் கூடாது, ஆயிரம் தொழிலாளியின் வயிறு என்று மேடையில் பேசுகிறோம். அங்கேயும் யாருடைய பெட்டியிலிருந்தும் பிலிம் சுருள் காணாமல் போகவில்லை. படத்துக்கு ஒரு நியாயம், எக்செலுக்கு ஒரு நியாயமா?

நான்கு சமாதானங்கள்

முதல் சமாதானம்: "அவன் கோடீஸ்வரன். இதனால என்ன குறைஞ்சிடப் போறான்?" பணக்காரனிடம் திருடலாம் என்பது சினிமாவில் ராபின் ஹூட்டுக்கு நல்லா இருக்கும். ஆனால் அந்தக் கதையிலும் ராபின் ஹூட் எடுத்தது ஏழைக்குக் கொடுக்க. நாம் எடுப்பது நமக்கு. மேலும் கிராக் செய்து பழகிய கைக்குப் பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி என்ற பேதம் தெரியாது. நாளைக்கு நம் ஊர்ப் பையன் ஒருவன் இராப்பகலாக உட்கார்ந்து ஒரு தமிழ் எழுத்துருவோ கணக்குச் செயலியோ செய்து விற்றால், அதே கை அதையும் பென் டிரைவில் போட்டுக்கொள்ளும். பெரிய கம்பெனி தாங்கும். அவன் கடையை மூடிவிடுவான்.

இரண்டாவது: "அறிவு எல்லாருக்கும் பொது. வித்யா தானம்தானே பெரிய தானம்? அதைப் பூட்டி வைக்கிறதுதான் தப்பு." இது கனமான வாதம். மென்பொருள் உலகமே இதில் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறது. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ், கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நாங்கள் எழுதிய பேசிக் மென்பொருளைப் பெரும்பாலானவர் காசு கொடுக்காமலே பயன்படுத்துகிறீர்கள், இப்படியே போனால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார் என்பது அவர் கேள்வி. எதிர்ப்பக்கம் ரிச்சர்ட் ஸ்டால்மன். பக்கத்து வீட்டுக்காரனோடு பகிர்ந்துகொள்ள முடியாதபடி மென்பொருளைப் பூட்டுவதுதான் அநீதி என்றார்.

ஆனால் ஸ்டால்மன் என்ன செய்தார் என்று கவனியுங்கள். அடுத்தவர் மென்பொருளை உடைத்து ஊருக்கு விநியோகிக்கவில்லை. 1983-ல் குனூ திட்டத்தை அறிவித்து, ஆரம்பத்திலிருந்து சொந்தமாக எழுதி, அதைச் சுதந்திரமாக ஊருக்குக் கொடுத்தார். தானத்தின் முதல் விதியே அதுதான், தன்னுடையதைக் கொடுக்க வேண்டும். அடுத்தவன் தோட்டத்து வாழைத்தாரை வெட்டிக் கோயிலுக்குக் கொடுத்தால் புண்ணியமா கிடைக்கும்? வித்யா தானம் உயர்ந்தது என்று நம்புகிறவன் தானம் செய்யட்டும். பிறரைக் கட்டாயமாகத் தானம் செய்ய வைப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

மூன்றாவது: "கம்பெனி மட்டும் யோக்கியமா?" முதலாளியின் கோபம் இதுதான். இதை நான் தள்ளிவிடப் போவதில்லை, ஏனென்றால் தர்மம் வாங்குபவனுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. 2024 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் வீட்டுச் சந்தாக்களில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்து விலையை ஏற்றியது. முதலில் ஏற்றிய சில நாடுகளில் சிங்கப்பூரும் மலேசியாவும் ஆஸ்திரேலியாவும் உண்டு. அந்த வசதி இல்லாத பழைய விலைச் சந்தாவும் இருந்தது. அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டி, ஆஸ்திரேலியாவின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் 2025 அக்டோபரில் நீதிமன்றம் போனது. விற்பவனும் தராசை நேராகப் பிடிக்க வேண்டும் என்பதற்கு இது உதாரணம். பழைய வாடிக்கையாளருக்கு ஒரு சலுகை கொடுப்பது நல்ல வணிகனின் இலக்கணம் என்றும் நான் நினைக்கிறேன்.

ஆனால் வணிகனின் தராசு கோணல் என்றால் நமக்கு மூன்று வழி இருக்கிறது. புகார் செய்யலாம், பேரம் பேசலாம், வேறு கடைக்குப் போகலாம். நான்காவதாக, 'அவன் கடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்' என்ற வழி அந்தப் பட்டியலில் வராது. அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். கிராக் போட்டு அதே ஆபிஸையே பயன்படுத்துகிறவன், அந்தக் கம்பெனியின் பிடியிலிருந்து வெளியே வரவில்லை. அந்தக் கோப்பு வடிவம்தான் உலகம் என்று தானும் பழகி, அடுத்தவனையும் பழக்குகிறான். உண்மையான எதிர்ப்பு என்றால் வேறு கடைக்குப் போவதுதான்.

நான்காவது சமாதானம்தான் கடினமானது: "வசதி இல்லாதவன் என்ன பண்ணுவான்?" இதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

விடுதித் தம்பியின் கேள்வி

கிராஞ்சியைச் சுற்றி வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் சேர்ந்து, விருப்பப்படும் தம்பிகளுக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கிறோம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி. பகலில் கட்டட வேலை. கணக்கு நல்லா வரும். ஸ்டோர் வேலைக்கோ தள மேற்பார்வைக்கோ உயர வேண்டும் என்று ஆசை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தான். "அண்ணே, இதுல ஆபிஸ் போட்டுத் தாங்கண்ணே" என்றான். ஊருக்குப் பணம் அனுப்பிய பிறகு அவன் கையில் எவ்வளவு நிற்கும் என்று நமக்குத் தெரியாதா? அவனிடம் போய் அஸ்தேயம் பற்றி உபதேசம் செய்தால் அது தர்மம் இல்லை, திமிர்.

அதே சமயம், கிராக் போட்டுக் கொடுப்பதும் அவனுக்குச் செய்யும் உதவி இல்லை. அந்தக் கிராக்கோடு என்ன வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஊருக்குப் பணம் அனுப்பும் வங்கிக் கணக்கையும் அதே லேப்டாப்பில்தான் திறப்பான்.

நான் செய்தது எளிது. லிப்ரே ஆபிஸை இறக்கிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் எக்செலையும் காட்டினேன். பைவட் அட்டவணை, லுக்கப் சூத்திரம், வடிகட்டி எல்லாம் இரண்டிலும் உண்டு. அவன் கற்றுக்கொள்ள வேண்டியதில் ஒன்றுகூடக் குறையவில்லை. 1990-களில் 'ஏழைக்கு வேறு வழியில்லை' என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு வழி இருக்கிறது. வழி தெரியாமலிருப்பதுதான் ஏழ்மை. அந்த ஏழ்மையைப் போக்குவது நம்மைப் போன்ற இளையர் அமைப்புகளின் வேலை.

என்னென்ன வழிகள்?

திறந்த மூல ஆபிஸ் ஒன்றும் ஏழைப்பட்ட மாற்று இல்லை. ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபிஸை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது, 2000-ல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அது ஓபன் ஆபிஸ். அதிலிருந்து 2010-ல் பிரிந்தது லிப்ரே ஆபிஸ். நம் சிங்கப்பூரிலேயே, தற்காப்பு அமைச்சு 2004-ல் 5,000 கணினிகளில் ஓபன் ஆபிஸ் போட்டது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனமும் அதே பத்தாண்டில் லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாறியது. அமைச்சு பார்த்த வேலையை நம் மரக்கடை பார்க்க முடியாதா?

சென்னையில் தொடங்கித் தென்காசி வரை போன ஸோஹோவும் 2005 முதல் எழுத்துச் செயலி தருகிறது. இன்று விரிதாள், காட்சி வில்லை எல்லாம் உண்டு. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றாலும் வியாபாரச் சந்தாக்களில் படிநிலைகள் இருக்கின்றன. எல்லாருக்கும் உச்சப் படி வேண்டியதில்லை. மின்னஞ்சலும் இணையப் பதிப்பும் போதும் என்பவருக்குக் குறைந்த படி. கணினியிலேயே முழு எக்செல் வேண்டும் என்பவருக்கு மட்டும் அடுத்த படி. பதிவுபெற்ற அறநிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட், கூகல் இரண்டுமே இலவசமாகவோ பெரிய தள்ளுபடியிலோ தருகின்றன. நம் கோயில்களும் சங்கங்களும் இதை விசாரிக்காமலே முழு விலை கொடுப்பதும் உண்டு, கிராக் போடுவதும் உண்டு. இரண்டும் வேண்டாதது. பதிவுச் சான்றிதழோடு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள்.

சரி, முதலாளியின் இருபது வெள்ளிக் கீ? காசு கொடுக்கிறோமே, அது எப்படித் திருட்டு? இங்கே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். கொடுத்தவர் யார்? கொடுக்க அவருக்கு உரிமை இருந்ததா? பழைய உரிமத்தை விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம், வாங்கியவர் தன் பிரதியை நீக்கிவிட்டு உரிமத்தை விற்கலாம் என்றே தீர்ப்புச் சொன்னது. ஆனால் மொத்த உரிமத்தைத் துண்டு துண்டாக்கி விற்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வரும் கீக்களில் பல, ஏதோ ஒரு பெரிய நிறுவனமோ கல்விக்கூடமோ மொத்தமாக வாங்கியதிலிருந்து கசிந்தவை. கொடுக்க உரிமை இல்லாதவரிடம் காசு கொடுத்து வாங்குவதும் கொடுக்கப்படாததை எடுப்பதுதான், நடுவில் ஒரு தரகர் இருக்கிறார், அவ்வளவே. புதுக் கைப்பேசியை ஒருவன் தேக்காவில் ஐம்பது வெள்ளிக்கு நீட்டினால் நாம் வாங்குவோமா? விலையே உண்மையைச் சொல்லிவிடும்.

தங்கச்சியின் பள்ளிக் கணக்கு? அவளுக்குக் கொடுத்தது நிஜம். ஆனால் படிப்புக்குக் கொடுத்தது. கோயில் அன்னதானத்தில் சாப்பிடலாம், அதைப் பொட்டலம் கட்டி வெளியே விற்கலாமா? வீட்டுக்கென்று வாங்கிய குடும்பச் சந்தாவை அலுவலகத்தில் ஓட்டுவதும் இதே கணக்குத்தான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2005 முதல், வியாபார ஆதாயத்துக்காக வேண்டுமென்றே கள்ள மென்பொருள் பயன்படுத்துவது இங்கே குற்றவியல் குற்றம். 2006-ல் ஓர் உள்ளலங்கார நிறுவனத்துக்கு 30,000 வெள்ளி அபராதம் விழுந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்.

எங்கள் அலுவலகத்தில் என்ன நடந்தது? நான் முதலாளியிடம் அறநெறி வகுப்பு எடுக்கவில்லை. ஒரு தாளில் மூன்று பத்தி எழுதி வைத்தேன். யார் யார் என்ன வேலைக்கு ஆபிஸ் திறக்கிறார்கள், அதற்கு எது போதும், ஆண்டுக்கு என்ன செலவு. கணக்குப் பார்க்கும் இரண்டு கணினிக்கு மட்டும் முறையான சந்தா, மற்ற ஏழுக்கு லிப்ரே ஆபிஸ். "ஏழு கணினிக்குச் செலவே இல்லையா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அவர் கள்ளத்தனத்தை விரும்பவில்லை, செலவுக்குத்தான் பயந்தார். பெரும்பாலான முதலாளிகள் அப்படித்தான். மேலிடத்தில் தப்பான வேலை சொன்னால், 'முடியாது' என்று மட்டும் சொல்லி நிற்பதைவிட, 'இப்படிச் செய்யலாம் சார்' என்று ஒரு வழியோடு போய் நிற்பது நல்லது. அதற்கும் மேலே வற்புறுத்தினால்? செய்ய முடியாது என்று பணிவாகச் சொல்லத்தான் வேண்டும். அது சுலபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

மாறியதில் கஷ்டமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பழைய விலைப்புள்ளிப் படிவங்களில் சிலவற்றின் வரிசை கலைந்தது. மேக்ரோ இரண்டைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஸ்டோர் அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நேர்மைக்கு விலை உண்டு. சில சமயம் அது வெள்ளியில் இல்லாமல் பொறுமையில் கட்டும் விலை.

இலவசமும் ஒரு கடன்

ஒன்று மிச்சம் இருக்கிறது. சுதந்திர மென்பொருளை இலவசமாக எடுத்துக்கொண்டு 'நான் நேர்மையானவன்' என்று உட்கார்ந்துவிட்டால் போதுமா? நம் மரபில் பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறோம். தேவர், ரிஷி, முன்னோர் என்று. அறிவைக் கொடுத்தவருக்குப் பட்டது ரிஷி கடன். லிப்ரே ஆபிஸின் பட்டிகள் தமிழில் வருகின்றன என்றால், எங்கோ ஒரு தன்னார்வலர் இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்திருக்கிறார். நம் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்த நாட்களில், தமிழ் எழுத்து திரையில் தெரிவதே அதிசயம். 1997-ல் இங்கே தமிழ்நெட் மாநாடு கூடியது. அவர்கள் போட்ட பாதையில்தான் இன்று நாம் கைப்பேசியில் தமிழ் தட்டுகிறோம்.

அந்தக் கடனை அடைக்கப் பணம் இருந்தால் ஒரு சிறு நன்கொடை கொடுங்கள். தமிழும் ஆங்கிலமும் தெரிந்தால் பத்துச் சொல் மொழிபெயர்த்துக் கொடுங்கள். பிழை கண்டால் முறையாகத் தெரிவியுங்கள். எதுவும் முடியாவிட்டால், தெரியாத ஒருவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். புதுக்கோட்டைத் தம்பி இப்போது அதைத்தான் செய்கிறான். அவன் அறையில் இன்னும் மூன்று பேருக்கு விரிதாள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நம் வீட்டிலும் அலுவலகத்திலும் கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். பொரிகடலை படைப்போம். அதற்கு முந்தின வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கணினியில் என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே கேள்வி: இதை எனக்குக் கொடுத்தார்களா, நான் எடுத்துக்கொண்டேனா? எடுத்தது என்று தெரிந்தால் நீக்கிவிட்டு, மேலே சொன்ன வழிகளில் ஒன்றைப் பாருங்கள். கத்தியையும் சுத்தியலையும் துடைத்து வைப்பது மாதிரி இதுவும் கருவியைத் துடைப்பதுதான். பொட்டை அதற்கு அப்புறம் வைக்கலாம்.